புது செயின் சா: செயின் தளர்ந்தால் யார் பொறுப்பு?

கோடாரியும் கை ரம்பமும் செய்த வேலையை இன்று தோப்புகளில் செயின் சா செய்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் தென்னைகளைச் சாய்த்துப் போட்டபோது, இந்த இயந்திரம் எவ்வளவு அவசியம் என்பது எல்லோருக்கும் புரிந்தது. சிறு விவசாயிகளும் இப்போது இதைச் சொந்தமாக வாங்குகிறார்கள்.

வாங்கிய முதல் நாளே எழும் புகார் ஒன்று உண்டு. "எவ்வளவு இறுக்கினாலும் பத்து நிமிஷத்தில் செயின் லூஸாயிடுது" என்பார் விவசாயி. "ஓட ஓடச் சரியாயிடும்" என்பார் கடைக்காரர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைக் கற்றுத்தர வேண்டியவர் இயந்திரத்தைக் கொடுப்பவர்தான். பெட்டியைக் கொடுத்துப் பில் போடுவதோடு அவர் வேலை முடிந்துவிடாது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். புதுச் செயின் தளர்வது பழுது அல்ல. செயினின் கண்ணிகளை இணைக்கும் ரிவெட்டுகள் ஓட்டத்தில் படிந்து அமரும்போதும், சூட்டில் உலோகம் விரியும்போதும் செயின் சற்று நீளும். அதனால் முதல் அரை மணி நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும். முதலில் கனமான மரத்தில் கை வைக்காமல், சிறு கிளைகளை அறுத்துப் பழக்குங்கள்.

அதன்பிறகும் தளர்ந்துகொண்டே இருந்தால், இறுக்கும் முறையைக் கவனியுங்கள். டென்ஷன் ஸ்குரூ செயினைப் பிடித்து வைப்பதில்லை. அது செயின் ஓடும் பாரை முன்னே தள்ள மட்டுமே செய்கிறது. தள்ளிய பாரை அந்த இடத்தில் பிடித்து நிறுத்துவது பக்கவாட்டு மூடியில் இருக்கும் நட்டுகள்தான். இது தெரியாமல் ஸ்குரூவை மட்டும் திருகிக்கொண்டிருந்தால் செயின் நிற்காது. நட்டுகளைத் தளர்த்தாமல் ஸ்குரூவைத் திருகினால் அதன் மரையே தேய்ந்துபோகும். நல்ல டென்ஷனரும் வாங்கிய வாரத்திலேயே கெட்டுப்போக இது போதும்.

சரியான முறை இதுதான். இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். செயின் பிரேக்கை விடுவியுங்கள். நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். பாரின் முனையை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்தபடி டென்ஷன் ஸ்குரூவைத் திருகுங்கள். பாரின் அடிப்பக்கத்தில் செயின் தொங்காமல் ஒட்டி நிற்க வேண்டும். முனையைக் கீழே விடாமலே நட்டுகளை இறுக்குங்கள். முனையைத் தூக்காமல் இறுக்கினால், அறுக்கும்போது பார் மேலே நகர்ந்து செயின் உடனே தளரும். இறுக்கி முடித்ததும் செயினைக் கையால் இழுத்துப் பாருங்கள். அது தடையில்லாமல் நகர வேண்டும். பாரின் நடுவில் பிடித்து இழுத்தால், உள்பற்கள் பள்ளத்தை விட்டு முழுவதும் வெளியே வரக்கூடாது. விட்டவுடன் செயின் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

இப்படிச் செய்தும் நிற்கவில்லையா? மூடியைக் கழற்றிப் பாருங்கள். டென்ஷனரின் சிறு முளை பாரில் உள்ள துளைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே நின்றால் ஸ்குரூ சும்மா சுற்றும். பாரின் அடியில் மரத்தூளோ தென்னை நாரோ அடைத்திருந்தாலும் நட்டு சரியாகப் பிடிக்காது. முளை துளைக்குள் சரியாக இருந்தும் ஸ்குரூ சும்மா சுற்றினாலோ, முளை நகராவிட்டாலோ, அது டென்ஷனர் பழுது. ஸ்குரூவைக் கடைசி வரை திருகியும் செயின் தொங்கினால், பாருக்குப் பொருந்தாத நீளச் செயினைப் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். இரண்டுக்கும் கடைக்காரரே பொறுப்பு. "ஓடினால் சரியாகும்" என்ற பதிலை அங்கே ஏற்காதீர்கள். பில்லையும் வாரண்டி அட்டையையும் காட்டி மாற்றித்தரக் கேளுங்கள்.

செயின் ஆயிலையும் மறக்காதீர்கள். பெட்ரோலில் கலக்கும் ஆயில் வேறு, செயினுக்கு ஊற்றும் ஆயில் வேறு. டேங்க் காலியானாலோ துளை அடைத்தாலோ செயின் காய்ந்து சூடேறித் தளரும். பைக்கிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றுவது வேண்டாம். முனை மழுங்கிய செயினும் இப்படித்தான் சூடேறும். நார் மிகுந்த தென்னையை அறுக்கும்போது இதை அதிகம் கவனிக்க வேண்டும். சூட்டில் இறுக்கிய செயினை வேலை முடிந்ததும் சற்றுத் தளர்த்தி வையுங்கள். ஆறும்போது சுருங்கும் செயின் பாரையும் இன்ஜின் தண்டையும் பாதிக்கும்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். தளர்ந்த செயின் ஓட்டத்தில் பாரை விட்டுக் கழன்றால், சாட்டைபோல் பின்னோக்கி வந்து வலது கையையோ தொடையையோ அடிக்கும். பல தோப்புகளில் அந்தக் கை உரிமையாளருடையது அல்ல, கூலிக்கு வந்தவருடையது. கூலி மிச்சப்படுத்த வாங்கிய இயந்திரம் ஒருவரின் பிழைப்பையே பறிக்கக்கூடாது.

எனவே வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: "கடையிலேயே செயினை மாட்டி இறுக்கிக் காட்டுங்கள், பிறகு நானும் ஒருமுறை செய்கிறேன்." பதினைந்து நிமிடம்கூட ஆகாது. மறுக்கும் கடை, நாளை பழுது என்று போனால் என்ன செய்யும் என்பது அப்போதே தெரிந்துவிடும். கருவியை ஓட்டப்போகும் தொழிலாளியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கருவிக் கண்காட்சிகளில் செயின் சா மரத்தை அறுப்பதைக் காட்டிக் கைதட்டு வாங்குகிறோம். அடுத்த முறை அறுப்பதைக் குறைத்து, நட்டைத் தளர்த்தி இறுக்குவதை விவசாயிகளின் கையாலேயே செய்ய வையுங்கள். வீடு திரும்பியதும் அவர்களுக்கு உதவப்போவது அதுதான்.