பத்தாவது வருஷத்துக்கு ஒரு கார்

மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். முதல் மூன்று பக்கங்களில் குடும்ப க்ஷேம சமாசாரம். நாலாவது பக்கத்தில்தான் விஷயம். மாமனார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கைக்கு வந்த பணத்தில் ஒரு பங்கை எடுத்து, “எல்லோரும் சேர்ந்து குலதெய்வம் கோவிலுக்குப் போய்வர ஒரு பெரிய வண்டியாக வாங்குங்கள்” என்று மகனிடம் கொடுத்திருக்கிறார். மகனுக்கு எஸ்.யு.வி. மேல் ஆசை. குழந்தைகளுக்குக் கூரையில் ஜன்னல் வைத்த வண்டி மேல் ஆசை. சகோதரிக்கோ கவலை. “இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு எங்களால் வேறு வண்டி வாங்க முடியாது. பெரியவர் சேர்த்த பணம் வீணாகக் கூடாது. எதைப் பார்த்து வாங்குவது?” என்று கேட்கிறார்.

கேள்வி கேட்டதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். ஒரு புடவை எடுக்கப் போனால் சாயம் நிற்குமா, கரை சுருங்குமா என்று கடைக்காரரைக் குடைந்து எடுக்கிற நாம், பல லட்சம் ரூபாய்க்குக் கார் வாங்கும்போது மட்டும், “அது அவர்கள் சமாசாரம்” என்று ஷோரூம் சோபாவில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைச் சாப்பிட்டுவிட்டு, நிறத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

2021-ல் என் அக்காவும் அத்தானும் ஒரு டீசல் எஸ்.யு.வி. வாங்கினார்கள். கம்பெனி பெயர் வேண்டாம். குற்றம் வண்டியுடையது அல்ல. வீடு நங்கநல்லூரில். பள்ளிக்கூடம் இரண்டு கிலோ மீட்டர், கடைத்தெரு ஒரு கிலோ மீட்டர். வண்டியின் உலகமே அவ்வளவுதான். எட்டாவது மாதம், அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வழியில், கத்திப்பாரா மேம்பாலத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி நத்தை போல் ஊர்ந்தது. பின்னால் வந்த பஸ்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு வயதான மெக்கானிக் கேட்டார்: “ஏம்மா, இந்த வண்டியை ஒரு தடவையாவது செங்கல்பட்டு வரைக்கும் ஓட்டினதுண்டா?”

விஷயம் இதுதான். 2020 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்கேற்ப, டீசல் கார்களின் புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. வண்டி நீண்ட தூரம் சீராக ஓடினால் அந்தச் சூட்டில் கரி எரிந்து போய்விடும். தினம் இரண்டு கிலோ மீட்டர் ஓட்டி நிறுத்தினால் சூடு ஏறுவதற்குள் வீடு வந்துவிடும்; கரி சேர்ந்து அடைத்துக்கொள்ளும். “வண்டி நல்ல வண்டிதாம்மா. உங்களுக்கும் அதுக்கும் ஜாதகப் பொருத்தம் இல்லே!” என்றார் அவர்.

ஆகவே சகோதரியே, முதலில் பார்க்க வேண்டியது வண்டியை அல்ல, உங்கள் வீட்டை. ஒரு மாதம் எங்கெங்கே, எத்தனை பேர், எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று பால் கணக்கு மாதிரி ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்குப் பெட்ரோல் போதும். வீட்டிலேயே சார்ஜ் செய்ய வசதி உண்டென்றால் மின்சார வண்டியையும் யோசிக்கலாம். வாரா வாரம் மதுரைக்கும் கோவைக்கும் போகிறவர்களுக்குத்தான் டீசல் லாபம்.

அடுத்தது, எஸ்.யு.வி. என்ற பெயர். இந்த வம்சத்துக்கு மூத்தவர் ஜீப். ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்திய வண்டி அது. பொலேரோ, ஸ்கார்ப்பியோ முதலியவை இன்றும் அந்த வழியில் வருகிறவை. கரடுமுரடான பாதைக்கும் கனத்த பாரத்துக்கும் ஏற்றவை. க்ரெட்டா போன்றவற்றில் சட்டமும் உடலும் ஒன்றே. சாதாரணக் காரைப் போல அலுங்காமல் போகும். உயரமாக இருப்பதால் எல்லாமே மலையேறும் வண்டி என்று நினைக்க வேண்டாம். நகரத்தில் விற்பவற்றில் பெரும்பாலானவை முன் சக்கரங்களால் மட்டுமே இழுக்கப்படுபவை. ஊட்டியின் தார் ரோட்டுக்கு அதுவே தாராளம். நான்கு சக்கர இயக்கத்துக்குக் கொடுக்கும் பணத்தை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அளவிலும் பணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டர் நீளத்துக்கு மேற்படாமல், பெட்ரோலானால் 1200 சி.சி., டீசலானால் 1500 சி.சி.க்கு மிகாத இன்ஜின் உள்ள வண்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம், அதற்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவிகிதம். வருஷத்தில் இரண்டு தடவை வரும் விருந்தாளிகளுக்காக வாங்கும் மூன்றாவது வரிசை, வருஷம் முழுவதும் நம் பர்ஸில்தான் உட்கார்ந்திருக்கும்.

இனி ஆயுசைப் பற்றி. ஒரு காரின் பதிவு பதினைந்து வருஷத்துக்கு. முதல் வருஷம் எல்லா வண்டியும் மகாலட்சுமிதான். பத்தாவது வருஷத்தில்தான் குணம் தெரியும். அதை ஷோரூமில் கேட்டுப் பயன் இல்லை. டாக்ஸி ஸ்டாண்டில் கேளுங்கள். ரிப்பேர் செலவைத் தம் சட்டைப் பையிலிருந்து கொடுக்கிற டிரைவர்களுக்கு விளம்பரத்தைப் பற்றிக் கவலை இல்லை. 2005-ல் வந்த இன்னோவா எஸ்.யு.வி. அல்ல, ஆனாலும் அத்தனை டிரைவர்கள் ஏன் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்று விசாரித்தால் பாதிப் பாடம் கிடைத்துவிடும். சந்தைக்கு நேற்று வந்த புது மாடலையும், புது கியர் பெட்டியையும் மற்றவர்கள் இரண்டு வருஷம் ஓட்டிப் பார்க்கட்டும். அவசரம் நமக்கு வேண்டாம்.

கம்பெனியின் நிலையையும் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. மறைமலைநகரிலேயே தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்ட், இங்கே கார் செய்வதை நிறுத்தப் போவதாக 2021-ல் அறிவித்தது. சர்வீஸும் பாகங்களும் தொடரும் என்று இரண்டு கம்பெனிகளுமே சொல்லின. ஆனாலும் வாங்கியவர்களுக்கு நெஞ்சில் ஒரு திக்கென்ற உணர்ச்சி ஏற்பட்டதை மறுக்க முடியாது. ஆகவே உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எத்தனை சர்வீஸ் நிலையம், கிளட்ச் என்ன விலை, ஹெட்லைட் என்ன விலை, நாலு டயர் என்ன விலை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டி நீடித்தால் போதுமா? உள்ளே இருப்பவர்கள் நீடிக்க வேண்டாமா? 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்காப் என்ற மோதல் பரிசோதனை நம் நாட்டில் நடக்கிறது. பெரியவர்களுக்குத் தனியாக, குழந்தைகளுக்குத் தனியாக, ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கிறார்கள். இரண்டையும் கேளுங்கள். கூரை ஜன்னலைவிட ஆறு காற்றுப் பைகள் மேல். பின் ஸீட்டிலும் பெல்ட் போடாவிட்டால் எத்தனை நட்சத்திரம் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

பார்க்கப் போகும்போது மாமனார், மாமியாரை அவசியம் அழைத்துப் போங்கள். மாமியார் புடவையுடன் ஏறி இறங்கட்டும். மாமனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாரா என்று கவனியுங்கள். எடுத்துக்கொள்ளும் அன்று டயரின் பக்கத்தில் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2325 என்றிருந்தால் 2025-ம் வருஷம் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்தது. மசாலாப் பொடிப் பாக்கெட்டில் தேதி பார்க்கிற நமக்கு இது ஒரு பெரிய வித்தையா?

கடைசியாக ஒன்று. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் சென்னை மறக்காது. உயரமான வண்டி என்ற தைரியத்தில் வெள்ளத்தில் இறங்காதீர்கள். நீர் புகுந்த வண்டியைச் சாவி போட்டு உயிர்ப்பிக்கவும் கூடாது. காற்று போகும் வழியாக நீர் உள்ளே போனால் இன்ஜினின் தண்டு வளைந்துவிடும். சாதாரண இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் அதற்குப் பணம் தராது. இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

என் அக்கா இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வண்டியைச் செங்கல்பட்டு வரை ஓட்டிவிட்டு வருகிறாள். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அப்பாவுக்குக் காற்று வாங்கினாற்போலும் ஆகிறது. விளக்கு மறுபடி எரியவில்லை. ஆனாலும், “அன்றைக்கு ஷோரூமில் காப்பிக்குப் பதில் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்” என்பாள்.

மாம்பலத்துச் சகோதரியே, வண்டி வந்ததும் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கத்தான் போகிறீர்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிடுங்கள். பத்து வருஷம் கழித்து, பேரன் ஓட்ட, பெரியவர் முன் ஸீட்டில் அமர்ந்து, அதே வண்டியில் குலதெய்வம் கோவிலுக்குப் போய் இறங்க வேண்டும். அவர் கொடுத்த பணத்துக்கு அதுதான் வட்டி.