உழவு இயந்திரப் பெட்டியில் ஏறும் ஆபத்து

மாரி மழை ஓய்ந்து வெள்ளம் வடிந்ததும் எமது கிராமங்களில் துப்புரவுப் பணிகள் ஆரம்பமாகிவிடும். கிணறுகளை இறைத்துக் குளோரின் இடுவதற்கும், பாடசாலை மலசலகூடங்களைக் கழுவுவதற்கும் சங்கங்கள் சிரமதான நாள் குறிக்கும். 2004 டிசம்பர் 26இல் ஏற்பட்ட கடற்கோளின் பின்னர் கிழக்கிலும் வடக்கிலும் பழுதடைந்த கிணறுகளைத் துப்புரவு செய்வதில் கிராமத்தவர்கள் காட்டிய உழைப்பை நாம் மறக்க முடியாது. இப்பணியைக் குறைகூற நாம் முனையவில்லை. பணிக்குப் போகும் வழியைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

வாடகைக்குப் பிடித்த உழவு இயந்திரத்தின் பெட்டியைப் பாருங்கள். வெளிற்றும் தூள் மூடைக்குப் பக்கத்தில் மலசலகூடம் கழுவும் அமிலக் கான். அதனோடு ஒட்டியபடி மேலதிக டீசல். நடுவே மதியச் சாப்பாட்டுப் பார்சல்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலே எமது பிள்ளைகள். குன்றும் குழியுமான ஒழுங்கையில் பெட்டி துள்ளிக்கொண்டு போகிறது. "பக்கத்துக் கிராமந்தானே, என்ன நடக்கப் போகிறது?" என்று நாம் கேட்கிறோம்.

என்ன நடக்கும் என்பதை அறிந்துகொள்வது நல்லது. மலசலகூடம் கழுவப் பயன்படுவது பெரும்பாலும் ஐதரோகுளோரிக் அமிலம். அது வெளிற்றும் தூளுடன் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் ஜேர்மனியர் பெருமளவில் திறந்துவிட்டதும் இதே வாயுதான். காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாரமானது என்பதால், அது பெட்டியின் அடியிலும் பள்ளத்திலும் தங்கி நிற்கும். வெளிற்றும் தூளில் டீசலோ மண்ணெண்ணெயோ பட்டால் தீப்பற்றவும் கூடும்.

ஆபத்தோடு நட்டமும் உண்டு. புதிய வெளிற்றும் தூளில் சுமார் 30 முதல் 35 வீதம் வரை பயன்தரும் குளோரின் இருக்கும். வெயிலும் ஈரமும் பட்டால் அது குறைந்துகொண்டே போகும். வலுவிழந்த தூளைக் கிணற்றில் இட்டுவிட்டு, நீர் சுத்தமாகிவிட்டதென்று நம்பிக் குடிக்கிறோம்.

நாமும் இதில் தவறியவர்களே. எமது சிரமதானம் ஒன்றில் மீதி அமிலத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருந்தோம். வெயிலில் களைத்து வந்த இளைஞர் ஒருவர் அதை எடுத்து மூடியைத் திறந்தார். அதன் காரமான நெடிதான் அவரைக் காப்பாற்றியது. எமது கவனம் அல்ல.

"எங்களிடம் இருப்பது ஒரு பெட்டிதான்" என்று சங்கங்கள் சொல்வது உண்மையே. ஆனால் இதற்கு இரண்டாவது வாகனம் தேவையில்லை. அமிலக் கானை ஒரு பிளாஸ்ரிக் தொட்டியினுள் நிமிர்த்தி வைத்துப் பெட்டியின் ஒரு மூலையில் கயிற்றால் கட்டலாம். தூளை இறுக மூடிய பிளாஸ்ரிக் வாளியில் இட்டு, மறு மூலையில் பலகைமேல் வைத்துப் படங்கால் மூடலாம். டீசலை வேறு பயணத்தில் அனுப்பலாம். ஆட்களும் சாப்பாடும் குடிநீரும் அந்தப் பெட்டியில் ஏறக்கூடாது. எதையும் சோடாப் போத்தலுக்கு மாற்றக்கூடாது. வாசிக்கத் தெரியாதவரும் அறியும்படி அமிலக் கானுக்குச் சிவப்பு வர்ணம் பூசலாம். வேலை முடிந்ததும் மீதியை எண்ணிப் பதிந்து, அமிலத்தையும் தூளையும் வெவ்வேறாகப் பூட்டி வைக்கலாம்.

கழுவுவதற்கென்று ஒரு கான் சுத்தமான நீர் கூடவே போகவேண்டும். கண்ணில் அமிலம் தெறித்தால் குறைந்தது 15 நிமிடமாவது கழுவிவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். விழுங்கியவரை வாந்தியெடுக்க வைக்கக்கூடாது. போத்தலையும் கையோடு கொண்டு செல்லவேண்டும். வாயு நெடி எழுந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, காற்று வரும் திசையை நோக்கி மேட்டு நிலத்துக்கு விலகவேண்டும்.

விபத்து நேர்ந்தால் சாரதியைக் குற்றஞ்சாட்டுவது எமக்கு வழக்கமாகிவிட்டது. மலசலகூடம் கழுவ வருபவர்களோ எம்மில் மிக வறியவர்கள். பெட்டியில் தன் காலடியில் என்ன இருக்கிறது என்று கேட்கும் துணிவு அவர்களுக்கு இருப்பதில்லை. ஆகவே இந்தப் பொறுப்பு பொருளை வாங்கி ஏற்றிவிட்ட சங்கத்தினுடையது என்பதே எமது கருத்து. ஒவ்வொரு சதத்துக்கும் கணக்கு வைக்கும் நாம், ஒரு கான் அமிலம் எங்கே, யாருக்குப் பக்கத்தில் போகிறது என்பதற்கும் கணக்கு வைக்கவேண்டாமா?

அடுத்த சிரமதானத்துக்கு நாள் குறிக்கும் கூட்டத்திலேயே, பெட்டியை ஏற்றி இறக்குவதற்குப் பொறுப்பான ஒருவரின் பெயரையும் குறித்துக்கொள்வோம். ஊரைச் சுத்தமாக்கப் போனவர்கள் சுகமாக வீடு திரும்பினால்தான் அந்தப் பணி நிறைவு பெறும்.