தண்டம் போகட்டும், புத்தகம் வரட்டும்!

நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் தவணை தாண்டிக் கொண்டுவந்தால் அபராதம். நாளொன்றுக்கு இவ்வளவு என்று கணக்கு. நெடுங்காலமாக, நாடு பலவற்றில் நடந்துவரும் வழக்கம் இது. வழக்கம் என்பதாலேயே அது நியாயம் ஆகிவிடுமா? அந்தத் தண்டம் யாரைத் தண்டிக்கிறது? அதனால் புத்தகம் திரும்பி வருகிறதா? இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது நம் கடமை என்று கருதுகிறோம். பாட்டாளி வீட்டுப் பிள்ளை நூலகத்துக்குள் நுழைவதா, வாசலோடு திரும்புவதா என்பது இதில் அடங்கியிருக்கிறது.

செல்வர்களின் கோட்டை என்று பெயர் பெற்ற நியூயார்க் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே பொது நூலக அமைப்புகள் மூன்று. பெரியவர்கள் எடுத்த புத்தகம் ஒன்றுக்கு நாளைக்கு 25 சென்ட் அபராதம் என்று விதி இருந்தது. பாக்கி 15 டாலரைத் தொட்டால் உறுப்பினர் அட்டை முடக்கப்படும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று புத்தகம் எடுத்தவர் இருபது நாள் தாமதித்தால் 15 டாலர் ஏறிவிடும். அதோடு கதவு அடைபட்டுவிடும்.

அப்படிக் கதவடைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? சுமார் 4,00,000 பேர்! அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வறுமை மிகுந்த பகுதிகளில் வாழ்பவர்கள். அந்த நகரத்தில் ஏழைகள்தான் ஒழுங்கு கெட்டவர்களா? பணக்காரர்கள் எல்லாம் தவணை தவறாத உத்தமர்களா?

இந்தக் கேள்விக்கு அதே நாட்டின் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2019ஆம் ஆண்டில் விடை தந்தது. அந்நகர நூலகத்தார் தங்கள் கணக்கேடுகளைத் தாங்களே புரட்டி ஆராய்ந்தனர். தாமதம் செய்வதில் ஏழைக்கும் செல்வருக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டனர். ஆனால் அட்டை முடக்கப்பட்டவர்களின் விகிதமோ ஏழைகள் வாழும் பகுதிகளில்தான் மிக அதிகம். தவறு இருவருக்கும் பொது. தண்டனை மட்டும் ஒருவனுக்கு! செல்வர் அபராதத்தைக் காப்பிக் காசு போல வீசிவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகிறார். கூலிக்காரன் அந்தக் காசுக்கு அரிசி வாங்குவதா, அபராதம் கட்டுவதா என்று திகைக்கிறான். நாளை பார்க்கலாம் என்கிறான். நாள் ஏற ஏறத் தொகை ஏறுகிறது, தொகை ஏற ஏற அச்சம் ஏறுகிறது. கடைசியில் அவனும் வருவதில்லை, புத்தகமும் வருவதில்லை.

“அபராதத்தை எடுத்துவிட்டால் எவன் புத்தகத்தைத் திருப்பித் தருவான்? நூலகமே காலியாகிவிடுமே!” என்று அலறுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் பதில் சொல்வதைவிட நடந்ததைச் சொல்வதே பொருத்தம்.

2019 அக்டோபரில் சிகாகோ நகரம் தாமத அபராதத்தை ஒழித்தது. மூன்றே வாரங்களில், திரும்பி வந்த புத்தகங்கள் 240 சதவீதம் பெருகின. 2021 அக்டோபரில் நியூயார்க்கின் மூன்று அமைப்புகளும் அபராதத்தைக் கைவிட்டன, பழைய பாக்கியையும் தள்ளுபடி செய்தன. அடுத்த சில மாதங்களுக்குள் தவணை தாண்டியவையும் தொலைந்ததாக எழுதப்பட்டவையும் வந்து குவிந்தன. ஓர் அமைப்புக்கு 21,000க்கு மேல். புரூக்ளின் பகுதிக்குச் சுமார் 51,000. குயீன்ஸ் பகுதிக்கு 16,000க்கு மேல்! நூலகத்தின் ஏட்டிலேயே இல்லாமற்போன பழம் புத்தகங்கள்கூட வீடு திரும்பின. தண்டம் இருந்தவரை அலமாரியில் ஒளிந்திருந்தவை, தண்டம் போனதும் தாமே வந்தன. புத்தகத்தைத் தடுத்து வைத்திருந்தது எது என்று இனியும் விளக்க வேண்டுமா?

ஆனால் ஒன்று. அங்கே அபராதத்தை ஒழித்தார்களே தவிர, பொறுப்பை ஒழித்துவிடவில்லை. புத்தகத்தைத் தொலைத்தவர் அதன் விலையைத் தந்தாக வேண்டும். திருப்பித் தந்துவிட்டால் விலை கேட்பதில்லை. இதுதான் நேர்மையான ஏற்பாடு என்போம். தொலைந்த பொருளுக்கு விலை கேட்பது நியாயம். கழிந்துபோன நாளுக்கு வட்டி கேட்பது கந்துவட்டிக்காரன் வேலை. புத்தகத்தின் விலையையும் மிஞ்சும் அபராதம் எங்கு இருந்தாலும் அது அநீதியே.

நம் நாட்டுக்கு வருவோம். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. வரி கட்டுகிறவர் வீட்டுச் சொந்தக்காரர்தான். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? குடியிருப்பவன் தரும் வாடகையிலிருந்து! ஆகவே நூலகம் யாரோ போடும் பிச்சை அன்று. உழைப்பவன் முன்பணம் கட்டி வைத்திருக்கும் உடைமை. உறுப்பினராகச் சேரும்போது காப்புத் தொகையும் வாங்கிக்கொள்கிறார்கள். வரியும் தந்து, காப்புத் தொகையும் தந்தவனை ஒரு சிறு பாக்கிக்காக வாசலில் நிறுத்துவது என்ன முறை?

அந்தச் சட்டத்துக்காக அரும்பாடுபட்ட எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுவதற்கே என்பது அவற்றில் தலையாய கருத்து. அதே ஆண்டில், மன்னார்குடிக்கு அருகேயுள்ள மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். படிப்பவன் வர முடியாவிட்டால் புத்தகம் அவனைத் தேடிப் போகும் என்றார்கள். அந்த மண்ணில், தேடி வந்தவனைத் திருப்பி அனுப்பலாமா?

எனவே நாம் கேட்பது அதிகமில்லை. தாமத அபராதத்தை ஒழியுங்கள்; முதலில் பிள்ளைகளுக்கு ஒழியுங்கள். பழைய பாக்கியைத் தள்ளி, அட்டையைத் திருப்பிக் கொடுங்கள். தவணை முடியுமுன் ஒரு வரி நினைவூட்டல் அனுப்புங்கள். தொலைத்தவரிடம் விலையை வாங்குங்கள். முடியாதவரிடம் தவணை முறையில் வாங்குங்கள்.

ஆட்சியாளரிடம் கேட்டாயிற்று. இனி நம் தோழர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

அரிசியைப் பதுக்குகிறவனை நாம் மேடையேறி ஏசுகிறோம். நூலகப் புத்தகத்தைப் பரணில் போட்டு வைத்திருக்கும் நமக்கு என்ன பெயர்? அந்தப் புத்தகத்துக்காக ஒரு மாணவன் மூன்று முறை நடந்து, மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பியிருக்கலாம். அவனுக்கு விலை கொடுத்து வாங்க வழியில்லை. நம் தாமதம் சர்க்காருக்கு நட்டம் என்று எண்ணுகிறோம். இல்லை தோழர்களே, அது அடுத்த ஏழைக்கு நட்டம்!

முடி திருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் ஒரே பத்திரிகையை ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்டு அரசியல் கற்ற மக்கள் நாம். ஓலைக் கொட்டகைப் படிப்பகங்களில், கைமாறிக் கைமாறி ஏடு கிழிந்த புத்தகங்களில் உலகத்தைப் பார்த்தவர்கள் நாம். அங்கே அபராதம் இருந்ததா? அடுத்தவன் காத்திருக்கிறான் என்ற எண்ணம் இருந்தது. அந்த எண்ணம் இருந்தால் தண்டத்துக்கு வேலையில்லை என்று நாம் காட்டினால்தான், தண்டத்தை எடு என்று கேட்கும் நம் குரலுக்கு வலிமை உண்டு.

இன்று மாலை வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் பெட்டியையும் பரணையும் ஒருமுறை பாருங்கள். நூலக முத்திரை குத்திய புத்தகம் இருந்தால், தூசி தட்டி, நாளைக் காலையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்துவிட்டு, தலை நிமிர்ந்து கேளுங்கள்: தண்டம் எதற்கு என்று!