வரப்பு வழி நடை

நாம் காலாற நடந்துவர மலையேறத்தான் வேண்டுமென்பதில்லை. தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளியில் இரயிலை விட்டிறங்கி, ஊர்ப்புறத்து வரப்புகளில் அடிவைத்தால் போதும். தக்காளித் தோட்டமும் கேழ்வரகுக் கொல்லையும் இருமருங்கும் விரிகின்றன. குழந்தைகளும் முதியோரும் களைப்பின்றி நடக்கலாம். பஞ்சப்பள்ளிப் பக்கம் சென்றால் சின்னாற்று அணையையும் கண்டு வரலாம்.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. கொல்லைகளுக்கு அப்பால் காடு, காட்டிலே யானை. 2023 மார்ச்சுத் திங்களில் இவ்வூரையடுத்த நிலமொன்றில், விதிமீறி மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. உடனிருந்த இரு குட்டிகள், மாண்டவற்றை விட்டகலாமல் சுற்றிச் சுற்றி வந்தன.

பருவம் முழுதும் உழைத்த விளைச்சலை ஓரிரவில் இழக்கும் உழவரின் துயரம் பொய்யன்று. ஆனால், அதற்கு மருந்து இதுவன்று. முறைப்படி அமைத்த சூரிய மின்வேலி நொடிப்பொழுது அதிர்ச்சி தந்து விலங்கை விரட்டும், உயிரைப் பறிக்காது. மின்கம்பத்திலிருந்து நேரே இழுத்த மின்சாரமோ யானையென்றும் மனிதனென்றும் பாராது.

ஆகவே அன்பர்களே, நடக்கையில் வேலிக்கம்பி எதனையும் தொடாதிருப்போம். வழியில் உழவரைக் கண்டால் அவர் குறையைக் காதுகொடுத்துக் கேட்போம். பொழுது சாயுமுன் வீடு திரும்புவோம்.