சின்ன எஞ்சினுக்குப் பெரிய காபரேட்டர் எதற்கு?



ஊரில் பழைய கார் வைத்திருக்கும் தம்பிமாருக்கும், அந்தக் காருக்குக் காசு கொடுக்கும் வாப்பாமாருக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். கோபமும் இருக்கிறது. முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன மாதம் பாடசாலை விடும் நேரம். இறக்கத்தில் வந்த ஒரு மொரிஸ் மைனர் கேட்டடியில் நிற்காமல் பத்து யார் தாண்டிப் போய்த்தான் நின்றது. ஐந்தாம் தரப் பிள்ளை ஒன்றின் புத்தகப் பை சில்லுக்கு அடியில். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். பொனட்டைத் திறந்து பார்த்தால் பளபளவென்று புது காபரேட்டர். பிரேக்கோ கார் கப்பலில் வந்த நாளில் இருந்த அதே ட்ரம் பிரேக்.

ஓட்டி வந்தவர் நம்முடைய பழைய மாணவர். அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஏனென்றால் அவரைவிடப் பெரிய குற்றவாளிகள் நாம். அந்தக் கார் உறுமும் வீடியோவுக்கு "மாஷா அல்லாஹ், செம சவுண்ட்" என்று போட்டவர்கள் நாம்தானே? பிரேக் செய்தீர்களா என்று ஒருவராவது கேட்டோமா?

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

மைனர் 1000க்கு 1956இல் வந்தது 948 சிசி எஞ்சின், 37 குதிரைவலு. 1962இல் வந்தது 1098 சிசி, 48 குதிரைவலு. இரண்டுக்கும் கம்பனி போட்டது ஒன்றேகால் அங்குல எஸ்.யூ. காபரேட்டர் ஒன்றுதான். கம்பனிக்காரன் கஞ்சத்தனத்தில் சின்னதைப் போட்டான் என்று கராஜில் ஒரு கதை ஓடுகிறது. கணக்குப் பார்ப்போம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவுக்குக் காற்று இழுக்கும். 1098 சிசி, நிமிடத்துக்கு 5000 சுற்று என்றால் ஆகக்கூடியது 2745 லீற்றர். அதுவும் சிலிண்டர் முழுதாக நிரம்பினால். நடைமுறையில் நிரம்பாது. நம் ஊர்ச் சந்தியில் யார் 5000 சுற்றில் ஓடுகிறார்கள்? நாம் ஓடுவது அதில் அரைவாசியில்.

ஒன்றேகால் அங்குலத்திலிருந்து ஒன்றரைக்குப் போனால் வாசல் 44 வீதம் பெரிதாகும். ஒன்றேமுக்காலுக்குப் போனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வாசலைப் பெரிதாக்கினால் நெஞ்சு பெரிதாகுமா? எஞ்சினின் மூச்சைத் தீர்மானிப்பது வால்வு, கேம், ஹெட். அவற்றைத் தொடாமல் வாசலை மட்டும் இடித்தால் வருவது சத்தம், வேகம் இல்லை.

இன்னும் சிலர் இரட்டைக் குழாய் வெபர் தேடிப் பஞ்சிகாவத்தை முழுக்க அலைகிறார்கள். தம்பி, இந்த எஞ்சினுக்குச் சிலிண்டர் நாலு, ஆனால் ஹெட்டில் காற்று உள்ளே போகும் வாசல் இரண்டே இரண்டு. ஒன்றும் இரண்டும் ஒரு வாசல், மூன்றும் நாலும் மற்ற வாசல். எந்தக் காபரேட்டர் போட்டாலும் பக்கத்துச் சிலிண்டர்கள் ஒரே வாசலில் பங்கு போட்டுத்தான் குடிக்கும். ரேஸ் ஓடுகிறவனுக்கு அதைச் சமாளிக்கும் வித்தை தெரியும். நமக்கு மிஞ்சுவது பெற்றோல் செலவு.

"வெளிநாட்டில் எல்லாரும் போடுகிறார்கள்" என்பார்கள். சரி, வெளிநாட்டையே பார்ப்போம். 1961இல் மினி கூப்பர் வந்தபோது இதே குடும்பத்து எஞ்சின்தான், 997 சிசி. இரண்டு எஸ்.யூ. போட்டார்கள். இரண்டும் அதே ஒன்றேகால் அங்குலம். கூடவே முன் சில்லுக்கு டிஸ்க் பிரேக்கும் போட்டார்கள். ஓட வைக்க முன் நிறுத்த வழி பார்த்தார்கள். நாம் பார்த்தோமா?

எங்கள் வீட்டிலும் ஒரு 1098 நிற்கிறது. கடுகண்ணாவ ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. கேட்ட எல்லாரும் சொன்னது ஒரே பதில்: காபரேட்டர் சின்னது, மாற்றுங்கள். மாற்றக் காசு இல்லாததால் தப்பினோம். ஒரு வயதான பாஸ் த்ரொட்டில் கம்பியைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். தேய்ந்த துவாரத்தால் காற்றுக் களவாகப் போய்க்கொண்டிருந்தது. புஷ் அடித்து, கம்பி, ஜெட், நீடில் புதிதாகப் போட்டு, டேஷ்பொட்டுக்கு எண்ணெய் விட்டார். அந்த எண்ணெய் இல்லாவிட்டால் அக்ஸிலரேட்டரை மிதித்ததும் பிஸ்டன் சட்டென்று மேலே துள்ளும், கலவை மெலியும், கார் திக்கும். இதை எஞ்சினில் பலமில்லை என்று நினைத்து எத்தனை பேர் காசைக் கொட்டியிருக்கிறோம்!

ஆகவே சொல்கிறோம். முதலில் கம்ப்ரெஷன் பாருங்கள். வால்வு இடைவெளியை எஞ்சின் ஆறியிருக்கும்போது 12 தௌவில் வையுங்கள். பொயின்ட், டைமிங் சரி பாருங்கள். பிறகு இருக்கிற எஸ்.யூ.வைப் புதுப்பியுங்கள். சரியா என்று அறிய மெஷின் தேவையில்லை. எஞ்சின் சூடாகி ஐட்லிங்கில் ஓடும்போது பிஸ்டனை ஒரு மயிரிழை உயர்த்திப் பாருங்கள். சுற்றுக் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். எஞ்சின் நிற்கப் பார்த்தால் பெற்றோல் குறைவு. ஒரு கணம் கொஞ்சம் கூடி அடங்கினால் கலவை சரி. எட்டாம் தரப் பிள்ளைக்கும் இதைக் காட்டிக் கொடுக்கலாம்.

இவ்வளவும் செய்து, பிரேக்கும் செய்து, அதற்குப் பிறகும் ஆசை தீரவில்லையா? ஒன்றரை அங்குல எஸ்.யூ. ஒன்று போடுங்கள், நாங்கள் தடுக்கவில்லை. எஸ்.யூ. காற்றுக்கு ஏற்றபடி தன் வாசலைத் தானே திறந்து மூடும். அதனால் ஒரு படி பெரிதானாலும் எஞ்சின் தாங்கும். ஆனால் அதற்குப் பொருந்தும் மெனிபோல்டும், நம் எஞ்சினுக்குரிய நீடிலும் வேண்டும். நீடில் பிழைத்துக் கலவை மெலிந்தால் வால்வு எரியும். கூடினால் பெற்றோல் சிலிண்டர் சுவர் எண்ணெயைக் கழுவி சம்புக்குள் இறங்கும். பிறகு அழ வேண்டியது நம் எஞ்சின்தான்.

"எங்கட காசு, எங்கட கார்" என்று சொல்லலாம். காசு உங்கள் காசா? உம்மாவின் வளையல் அடகுக் கடையில் இருக்கிறதே! 2022இல் பெற்றோல் ஷெட்டில் இரவு பகலாக வரிசையில் நின்றோம். ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபா. பிறகு கியூ.ஆர். கோட் வந்தது, காருக்கு வாரம் 20 லீற்றர். அன்று ஒரு சொட்டுக்கும் கணக்குப் பார்த்த நாம்தான் இன்று சத்தத்துக்காகப் பெற்றோலை எரிக்கிறோம். வீண்விரயம் பற்றி ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டுகிறோம். வெளியே வந்ததும் பள்ளி வாசலிலேயே எஞ்சினை உறுமவிட்டுப் போகிறோம்.

ரோட்டும் நம்முடையது மட்டும் அல்ல. அதில் பிள்ளைகள் நடக்கிறார்கள்.

அடுத்த முறை ஊரில் ஒரு தம்பி புது காபரேட்டரைக் காட்டினால், கை தட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: "பிரேக் எப்போ செய்தீங்க, தம்பி?"