மாநில எல்லை உயிரைக் காக்குமா?

மூணாறிலிருந்து மறையூர், சின்னார் வழியே இறங்கினால் உடுமலைப்பேட்டை. போடிமெட்டு வழியே இறங்கினால் போடி. தேவிகுளம் வட்டத்துத் தோட்டத் தமிழர்களுக்குக் கொள்வினையும் கொடுப்பினையும் மலைக்குக் கீழேயும் உண்டு. ஆகவே, சாதி மறுத்து மணந்தவர்கள் தப்பி வரக்கூடிய பாதையில் அவர்களைத் தேடுபவர்களும் வரலாம்.

உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று, சாதி மறுத்து மணந்த சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவி கௌசல்யா காயங்களோடு உயிர் தப்பினார். கேரளமும் விலக்கல்ல. 2018இல் கோட்டயத்தில் கடத்தப்பட்டு உயிரிழந்த தலித் கிறிஸ்தவ இளைஞர் கெவினின் வழக்கை ஆணவக் கொலை என்றே நீதிமன்றம் அறிவித்தது. 2020 கிறிஸ்துமஸ் நாளில் பாலக்காடு மாவட்டம் தேங்குறிச்சியில் சாதி மறுத்து மணந்த மருமகனைக் கொன்ற மாமனாருக்கு 2024இல் ஆயுள் தண்டனை கிடைத்தது.

குடும்பத்துக்கு அஞ்சி நாட்டின் எல்லையையே கடப்பவர்களைப் பன்னாட்டுச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் பாலினம் தனிக் காரணமாக இடம்பெறவில்லை. ஆனால், ‘குறிப்பிட்ட சமூகக் குழு’ என்ற பிரிவு உண்டு. கணவரால் துரத்தப்பட்ட பாகிஸ்தான் பெண்களை 1999இல் பிரிட்டன் பிரபுக்கள் அவை அந்தப் பிரிவில் சேர்த்தது. குடும்பத்தாரே கொன்றுவிடுவார்கள் என அஞ்சிய துருக்கியின் குர்திஷ் பெண் ஒருவரின் வழக்கில், பெண்களையே அத்தகைய குழுவாகக் கருதலாம் என 2024 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கூறியது. துன்புறுத்துபவர் தந்தையா, கணவரா என்பதோடு விசாரணை முடிவதில்லை. அரசு காப்பாற்றியதா என்றும் சட்டம் கேட்கிறது.

கூடவே இன்னொரு கேள்வியும் எழும்: ‘சொந்த நாட்டிலேயே வேறு ஊரில் பிழைக்கலாமே?’ இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. உள்நாட்டில் ஓடுபவர் அகதியும் அல்லர். ஆனாலும், போன இடத்தில் பாதுகாப்பு உண்டா என்ற அளவுகோல் நமக்கும் பொருந்தும்.

ஆணவக் கொலைகளைத் தடுக்கக் கோரிய சக்தி வாகினி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்றது. இணையருக்குப் பாதுகாப்பு இல்லம் தருவதைப் பரிசீலிக்கவும் சொன்னது. அந்த ஏற்பாடு மாநில எல்லையில் அறுந்துபோகக் கூடாது. இடுக்கி, பாலக்காடு, தேனி, திருப்பூர் மாவட்டக் காவல் துறைகளுக்குப் பொதுவான நடைமுறை வேண்டும். ‘பெண்ணைக் காணவில்லை’ என்ற புகாரை வைத்து, வயதுவந்த பெண்ணை அவர் விருப்பத்துக்கு மாறாகப் பெற்றோரிடம் ஒப்படைக்கக் கூடாது. அவர் வாக்குமூலமே முதலில் பதிவாக வேண்டும்.

ஆணவக் கொலைக்கு எதிரான சட்டத்துக்குப் பரிந்துரை வழங்க நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தச் சட்டத்தில் அண்டை மாநிலத்துக்குத் தப்பிச் செல்வோருக்கும் ஒரு பிரிவு இருக்கட்டும். கேரளமும் அதற்கு இணையான சட்டம் இயற்ற முன்வர வேண்டும்.

- கட்டுரையாளர், வழக்கறிஞர்.