கொலைக் கதையும் ஏழையின் பிணமும்

கொலைச் செய்தி நன்றாக விலை போகிறது. பெட்டிக்கடையில் தொங்கும் பத்திரிகை போஸ்டரில் முதலில் கண்ணில் படுவது அதுதான். இன்று செல்போனிலும் அதே வியாபாரம்! "உண்மைக் குற்றக் கதை" என்று பெயர் சூட்டி, சங்கீதம் சேர்த்து, பிணத்தைப் பத்துப் பாகமாக வெட்டித் தவணை முறையில் விற்கிறார்கள்.

ஆலைத் தொழிலாளியும் இதைப் பார்க்கிறார். நடவு நட்டு வீடு திரும்பிய பெண்ணும் பார்க்கிறார். அதற்காக அவர்களை ஏளனம் செய்யும் மேதாவிகள் கூட்டத்தில் நாம் சேரமாட்டோம். கொன்றவன் யார்? ஏன் கொன்றான்? தண்டனை கிடைத்ததா? இப்படிக் கேட்பது மனித சுபாவம். நியாயம் வேண்டும் என்ற தாகத்தில் பிறக்கும் கேள்விகள் இவை. அந்தத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறார்களா, சாராயம் கொடுக்கிறார்களா என்பதே நமது கேள்வி.

சென்னையில் நடந்ததைப் பாருங்கள். லட்சுமிகாந்தன் என்பவர் "சினிமா தூது", "இந்து நேசன்" என்ற மஞ்சள் பத்திரிகைகளை நடத்தினார். அடுத்தவர் வீட்டு அந்தரங்கமே அவருடைய மூலதனம். 1944 நவம்பரில், வேப்பேரியில் ரிக்ஷாவில் வந்துகொண்டிருந்த அவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945ல் இருவருக்கும் தீவாந்தர சிட்சை விதிக்கப்பட்டது. ஹைகோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிய பிறகே, 1947ல் அதே ஹைகோர்ட் இருவரையும் விடுதலை செய்தது. அதற்குள் சுமார் இரண்டரை ஆண்டுகள் சிறையில் கழிந்துவிட்டன. பாகவதரின் பழைய புகழ் திரும்பவே இல்லை.

சந்தேகம் வேறு, தீர்ப்பு வேறு என்பதே இதில் உள்ள படிப்பினை. லண்டன் வரை வழக்காட அவர்களுக்குப் பணம் இருந்தது, பெயர் இருந்தது. அன்றாடக் கூலிக்காரனுக்கு என்ன இருக்கிறது? அவன் சந்தேகத்தின் பேரில் பிடிபட்டதும் "கொள்ளையன் சிக்கினான்" என்று போட்டோவோடு செய்தி வருகிறது. ஆறு வருஷம் கழித்து அவன் குற்றமற்றவன் என்று கோர்ட் சொன்னால், அதற்கு ஒரு வரி இடம் கிடைக்கிறதா? அவன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் "திருடன் மகன்" என்று கூப்பிட்டவர்கள் வந்து மன்னிப்புக் கேட்கிறார்களா?

அடுத்து, பம்பாய். 1959 ஏப்ரலில் கடற்படைக் கமாண்டர் நானாவதி தன் மனைவியோடு உறவு வைத்திருந்த பிரேம் அகுஜாவைச் சுட்டுக் கொன்றார். "பிளிட்ஸ்" வார இதழ் பகிரங்கமாக அவர் பக்கம் நின்றது. தெருவில் "நானாவதி துப்பாக்கி" பொம்மை விற்றார்கள்! ஜூரிகளில் எட்டுப் பேர் அவர் குற்றவாளி அல்ல என்றார்கள். ஒருவர் மட்டுமே மறுத்தார். ஹைகோர்ட் அதை ஏற்காமல் ஆயுள் தண்டனை விதித்தது. 1961ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. ஆயினும் 1964ல் மன்னிப்புக் கிடைத்தது. உடுப்பும் அந்தஸ்தும் உள்ளவருக்கு நாடே அனுதாபப்பட்டது. செத்தவர் தம் பக்க நியாயத்தை வந்து சொல்ல முடியுமா?

இனி நம் தஞ்சைச் சீமைக்கு வருவோம். 1968 டிசம்பர் 25. கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்டார்கள். செங்கொடியை இறக்க மறுத்தார்கள். இதுதான் அவர்கள் செய்த குற்றம்! ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்து சாம்பலாயின. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1970ல் கீழ்க் கோர்ட் மிராசுதார்களுக்குச் சிறைத் தண்டனை விதித்தது. 1973ல் ஹைகோர்ட் அவர்களை விடுதலை செய்தது. நிலபுலன் நிறைந்த பணக்காரர்கள், வேலையாட்களை விட்டுவிட்டுத் தாமே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம்! அதே நாளில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவரும் கொல்லப்பட்டார். அதுவும் உயிர்தான், அதை நாம் மறைக்கவில்லை. அந்த வழக்கில் விவசாயத் தொழிலாளிகள் தண்டனை பெற்றார்கள். ஓர் உயிருக்குத் தண்டனை உண்டு. 44 உயிருக்குத் தண்டனை இல்லை. இது என்ன தராசு?

இந்தக் கொடுமையும் கதையாயிற்று. 1977ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்ற "குருதிப்புனல்" நாவலில், மிராசுதாரின் ஆண்மைக் குறைவு கொடுமைக்கு ஒரு காரணமாகப் புகுத்தப்பட்டது. வெண்மணியில் பிரச்னை நெல்லும் கூலியும் சங்கமும் அல்லவா? ஒரு வர்க்கம் செய்த கொலையை ஒரு மனிதனின் உடற்கோளாறாகச் சுருக்கினால், அந்த வர்க்கம் கை கழுவிக்கொண்டு போய்விடும். குற்றக் கதைகளில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் நடக்கின்றன. ஒரு பிசாசைக் காட்டிப் பயமுறுத்துகின்றன. பிசாசு பிடிபட்டதும் ஊர் நிம்மதியாகத் தூங்கலாம் என்கின்றன.

"அப்படியானால், எல்லாவற்றுக்கும் சமுதாயமே காரணம், கொன்றவனுக்குப் பொறுப்பே இல்லை என்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. வறுமையில் வாடும் கோடிக்கணக்கானவர்கள் யார் கழுத்தையும் அறுக்கவில்லை. கையை ஓங்கியவன் பதில் சொல்லியே தீரவேண்டும். அவன் கையில் ஆயுதத்தைக் கொடுத்தது எது, அவனைத் தப்பவிட்டது எது என்பதற்கும் பதில் வேண்டும் என்கிறோம். இரண்டில் ஒன்றைக் கேட்டு மற்றதை விடுவது அரை நியாயம்.

கொலையைப் பற்றி எழுதவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. எழுதாவிட்டால் வெண்மணியும் சாம்பலோடு சாம்பலாகப் போயிருக்கும். எதற்காக எழுதுகிறோம் என்பதே விஷயம். செத்தவருக்கும் ஒரு தாய் இருக்கிறாள் என்ற நினைப்போடு எழுதவேண்டும். குற்றம் நிரூபணமாகாதவனைக் கழுவேற்றக் கூடாது. கொலையுண்ட பெண்ணின் நடத்தையைத் துருவிக் காசு பார்க்கக் கூடாது.

தோழர்களே! டீக்கடையில் யாராவது கொலைச் செய்தியை உரக்கப் படித்தால், எழுந்து போய்விடாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். பிறகு நீங்களும் கேள்வி கேளுங்கள். இந்தச் செய்தியால் லாபம் யாருக்கு? இதில் யார் வாய் அடைபட்டிருக்கிறது? பாய்லர் வெடித்துச் செத்த தொழிலாளிக்கும், மலக்குழியில் இறங்கி மூச்சடைத்துச் செத்தவனுக்கும் இதே பக்கத்தில் ஏன் இடமில்லை?

நான்கு பேர் சேர்ந்து இப்படிக் கேட்கத் தொடங்கினால், வேடிக்கை பார்க்கும் கூட்டம் நியாயம் கேட்கும் கூட்டமாக மாறும்!